அகற்றப்படும் பொருள்: ஒன்றுமில்லை

போக்குவரத்துக் கழகத்தின் மருத்துவ வாரியம் மாதந்தோறும் இரண்டாம் வியாழக்கிழமை கூடும். மூன்று உறுப்பினர்கள் இருந்தால்தான் கூட்டம் செல்லும் என்பது விதி. ஒருவர் தலைவர், ஒருவர் விதி அதிகாரி. மூன்றாவது நாற்காலி ஒன்பது ஆண்டுகளாகக் காலி. ஆனாலும் கூட்டம் ஒரு மாதம்கூட நின்றதில்லை. ஒவ்வொரு முறையும் கூட்டக் குறிப்பின் கடைசி வரியில் ‘மூன்றாம் உறுப்பினர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை’ என்று எழுதிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை.

கழகத்தில் வேலை பார்க்கும் யாருக்காவது உடம்பில் கத்தி படவேண்டுமென்றால் வாரியம் முதலில் அனுமதி தரவேண்டும். குணமாகித் திரும்பியதும் மறுபடி வேலையில் ஏறத் தகுதிச் சான்று தருவதும் அதே வாரியம்தான். அனுமதி வாங்காமல் யாராவது அறுத்துக்கொண்டு வந்தால், படுக்கையில் கிடந்த நாட்களெல்லாம் ‘காரணமின்றி வராதது’ என்று பதிவாகும். ஒரு முறை ஒருவன் அனுமதிக்குக் காத்திருந்ததில் அவனுடைய குடல்வால் வெடித்தே போனது. ‘மனு காலாவதியானது’ என்று குறித்து வாரியம் அந்தக் கோப்பை மூடியது.

அப்படிப்பட்ட வாரியத்திடம் போய்ச் சேர்ந்தவள் இருபத்தேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர். வயது நாற்பத்து மூன்று. பதினாறு வருடம் வண்டி ஓட்டி ஒரு தூணைக்கூட உரசாதவள். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நாற்பத்தோரு நிறுத்தம், ஒன்றரை மணி நேரம், முனையில் எட்டு நிமிட ஓய்வு. அவளுடைய நடத்துனனை எல்லோரும் ‘சில்லறை’ என்று கூப்பிட்டார்கள். அவனிடம் சில்லறை இருந்ததே இல்லை என்பதுதான் காரணம்.

இரண்டு வருடமாக அவளுக்கு மாதவிலக்கு பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று போய்க்கொண்டிருந்தது. அதுவும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. ஓட்டுநர் இருக்கையில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன்மேல் கறுப்புத் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்காருவாள். காக்கிக்குப் பதிலாகக் கருநீலத்தில் கால்சட்டை கேட்டுக் கிடங்குக்கு எழுதினாள். சீருடையின் நிறம் ஊழியரின் மனநிலைக்கேற்ப மாறாது என்று பதில் வந்தது. எந்த நிறுத்தத்தின் பக்கத்தில் எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கழிவறைச் சாவி தருவார் என்பது அவளுக்கு மனப்பாடம். முனைக்கு வந்ததும் அவள் இறங்கி ஓடுவாள். எட்டு நிமிடம் பத்தாகும், பன்னிரண்டாகும். பயணிகள் முணுமுணுத்தால் சில்லறை கதவருகே நின்றுகொண்டு என்ஜின் சூடு ஆறவேண்டும் என்று நீளமாக விளக்குவான். அக்காவுக்கு என்ன என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. என்ஜின் மட்டும் அடிக்கடி சூடாகிக்கொண்டிருந்தது.

படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பைச் சுவரில் ஒன்பது சென்டிமீட்டர் நார்க்கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, பயப்பட ஒன்றுமில்லை, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று பெண்கள் பிரிவு டாக்டர் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அவருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

“ரெண்டு பிள்ளை பெத்தாச்சு. இனிமே அது சும்மாதானேம்மா இருக்கு.”

“என் வண்டியில ஸ்டெப்னி டயர் கூட வருஷம் முழுக்கச் சும்மாதான் டாக்டர் இருக்கு. அதுக்காக யாரும் கழட்டிப் போடச் சொல்றதில்லையே.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை முதல்முறையாகப் பார்த்தார். வேறு வழியும் ஒன்று இருக்கிறது, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் என்று ஒரு சீட்டு எழுதி, அடித்தளத்தில் எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவரை ஆஸ்பத்திரி ஊழியர்கள் கம்பி டாக்டர் என்றார்கள். குள்ளமான பெண்மணி. நூல் மாதிரிக் குழாயையும் கம்பியையும் ரத்தக்குழாய்க்குள் விட்டு வேலை பார்ப்பவர். ஒரு தாளில் மரம் மாதிரி வரைந்து அவர் விளக்கினார். மணிக்கட்டிலோ தொடையிலோ சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாகவே கர்ப்பப்பை வரை போவோம். கட்டிக்குச் சோறு போடுகிற கிளைகளில் மணல் மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகளை விட்டு அடைத்துவிடுவோம். கட்டி பட்டினி கிடந்து மெதுவாகச் சுருங்கும். கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். முதல் நாள் வலி பலமாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். நூறு பேரில் சிலருக்குப் பலன் போதாமல் மறுபடி ஏதாவது செய்ய வேண்டி வரலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வேலைக்குப் போய்விடலாம்.

அவள் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் தையல் மெஷின் பழுதுபார்ப்பவன். முழுசாகக் கழற்றிய மெஷின் எதுவும் பழைய மாதிரி தைத்து நான் பார்த்ததில்லை என்றான். அவனுடைய அக்காவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இந்த நாத்தனார் ஆறு வருடத்துக்கு முன் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவள். எடுத்தபோது அது ஒரு கிலோ என்றாள். அடுத்த வருடம் ஒன்றரை என்றாள். இப்போது மூன்று கிலோவில் வந்து நின்றது. வெளியே வந்த பிறகும் விடாமல் வளர்ந்த கட்டி அது ஒன்றுதான். எதையும் எடுக்காமல் ஒரு வைத்தியமா, நாலு பேர் கேட்டால் என்னவென்று சொல்வது என்று அவள் கவலைப்பட்டாள். அதே கவலை வாரியத்துக்கும் வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அனுமதிப் படிவத்தில் முப்பது கட்டங்கள். பதினான்காவது கட்டத்தில் ‘அகற்றப்படும் பொருள், எடையுடன்’ என்று இருந்தது. கம்பி டாக்டர் அதில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தார். ஆறு நாளில் படிவம் திரும்பி வந்தது. பதினான்காம் கட்டம் காலியாக உள்ளது என்று சிவப்பு மையில் குறிப்பு. காலியாக இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்று எழுதியிருக்கிறேன் என்று டாக்டர் பதில் எழுதினார். ஒன்றுமில்லை என்பது ஒரு பொருளாகாது, எடையும் குறிப்பிடப்படவில்லை என்று மறுபடி வந்தது. மூன்றாம் முறை டாக்டர் எரிச்சலில் ‘பூஜ்ஜியம் கிராம்’ என்று எழுதினார். எடை சரி, பொருள் எங்கே என்று கேட்டு, ஓட்டுநரை நேரில் வரச் சொல்லி ஆணை வந்தது.

வாரிய அறையின் சுவரை அடைத்து ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. உள்ளே வரிசையாகப் புட்டிகள். பித்தக்கற்கள், சிறுநீரகக் கற்கள், குடல்வால்கள், ஒரு கால் சுண்டுவிரல். ஒவ்வொன்றிலும் ஊழியர் எண் ஒட்டியிருந்தது. பணிமனை ஃபிட்டர் ஒருவர் தவறி விழுங்கிய போல்ட் தனியாக ஒரு தட்டில், ‘கழகச் சொத்து, மீட்கப்பட்டது’ என்ற சீட்டுடன் இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற எலும்பு டாக்டர். மஞ்சள் துணியால் புட்டிகளைத் துடைத்துக்கொண்டே அவளை உட்காரச் சொன்னார்.

“முப்பத்தோரு வருஷமா இந்த வாரியம் ஒரே கொள்கையிலதான்மா நடக்குது. உள்ள இருந்து ஒண்ணு வெளிய வரணும். வந்தா வைத்தியம், வரலைன்னா வதந்தி. ஒருத்தன் வயித்து வலின்னு வந்து நிக்கிறான். வலியை நான் பார்க்க முடியுமா? கல்லைப் பார்க்கலாம். நோயாளி பேச்சை நம்பி வைத்தியம் பண்றதெல்லாம் நாங்க வந்ததும் நிறுத்திட்டோம்.”

எனக்கு ரத்தம் போகிறது, அது வெளியேதான் வருகிறது, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று அவள் கேட்டாள். அது பொருளல்ல, திரவம் என்றார் விதி அதிகாரி. ஒல்லியான மனிதர். மடியில் விதிப் புத்தகத்தைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார். பிறகு அவரே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

“இப்படிச் செய்யலாம்மா. அதே சமயத்துல குடல்வாலையும் எடுத்துடச் சொல்லுங்க. கட்டம் நிரம்பிடும்.”

“அது நல்லாத்தானேங்க இருக்கு.”

“நல்லா இருக்கும்போதே எடுத்துட்டா வேலை சுலபம்.”

தலைவருக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. இரண்டாம் தட்டில் காலியாக இருந்த இடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அவள் மாட்டேன் என்றாள். ஒத்துழைக்காத மனுதாரர் என்று குறித்துக்கொண்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். மூன்றாம் உறுப்பினர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

அடுத்த மாதம் அவளோடு கம்பி டாக்டரே நேரில் வந்தார். கல்லில் நார் உரிக்கலாம், இவர்களிடமிருந்து ஒரு நார்க்கட்டியை மீட்க முடியாது என்று பெண்கள் பிரிவு டாக்டர் அவரை எச்சரித்திருந்தார். இருந்தும் படங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து பொறுமையாக விளக்கினார். கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்போம் என்று அவர் சொன்னபோது விதி அதிகாரியின் பேனா நின்றது. புத்தகத்தைப் புரட்டினார். இருபத்திரண்டாம் விதியைச் சத்தமாகப் படித்தார். ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள எவரும் பேருந்து ஓட்டத் தகுதியற்றவர்.

“அது இதயத்துல இருக்கற அடைப்புங்க” என்றார் டாக்டர்.

“விதியில இதயம்னு ஒரு வார்த்தை இல்லையே.”

“எழுதினவங்க இதயத்தை மனசுல வச்சுத்தான் எழுதியிருப்பாங்க.”

“இதயத்தை மனசுல வச்சு நாங்க எந்த விதியும் எழுதறதில்லைங்க.”

அதற்கு மேல் கூட்டம் வேறு திசையில் போனது. அடைத்துக்கொண்டால் ஓட்டுநர் வேலை போகும், அடைக்காவிட்டால் ரத்தம் போகும் என்பது தெளிவானது. வேலை நாளில் அடைப்பைத் திறந்து வைத்து, வார விடுமுறையில் மட்டும் மூடிக்கொள்ள முடியுமா என்று தலைவர் கேட்டார். முடியாது என்றார் டாக்டர். அந்த உருண்டைகள் ஆஸ்பத்திரியின் உடைமை அல்லவா, கழக ஊழியரின் உடம்பில் அவற்றை நிரந்தரமாக வைக்க ஆஸ்பத்திரிக்கு இடம் ஒதுக்கியது யார் என்று விதி அதிகாரி கேட்டார். டாக்டர் தன் படங்களை ஒவ்வொன்றாக உறைக்குள் போட ஆரம்பித்தார்.

கடைசியில் தலைவர் இது ஆழ்ந்து ஆராய வேண்டிய விஷயம் என்று சொல்லி ஒரு துணைக்குழு அமைத்தார். தனக்கும் விதி அதிகாரிக்கும் வேலைப்பளு அதிகம் என்பதால் துணைக்குழுவில் மூன்றாம் உறுப்பினரை மட்டும் நியமித்தார். வாரியத்தின் எழுத்தர் அம்மாள் எழுந்து போய், ஓட்டுநரின் கோப்பைக் காலி நாற்காலியின் மேல் வைத்தார். வெளியே வரும்போது கம்பி டாக்டர் படிக்கட்டில் அவள் கையைப் பிடித்து நாடி பார்த்தார். இரும்புச் சத்து மாத்திரையை விடாதீர்கள் என்றார்.

இரண்டு மாதம் போயின. துணைக்குழுவின் அறிக்கை வரவில்லை. மூன்றாம் உறுப்பினருக்கு நினைவூட்டல் கடிதம் அனுப்பப்பட்டது. அதையும் கொண்டுபோய் நாற்காலியில்தான் வைத்தார்கள்.

அந்த மாதம் அவளுக்குப் பதினான்கு நாள் போனது. மாத்திரை சாப்பிட்டாள். கீரையும் ஈரலும் சாப்பிட்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. காலையில் தலை வாரும்போது கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. விடுப்பு கேட்டதற்கு, மனு நிலுவையில் இருக்கும்போது அதே நோய்க்கு விடுப்பு தர வழியில்லை என்றார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அறுபது பேருக்கு மேல் வண்டியில் இருந்தார்கள். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது கண்ணோரத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் பறக்க ஆரம்பித்தன. காது அடைத்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள், ஒரு சைக்கிள்காரனைப் போகவிட்டாள், ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, கை பிரேக் போட்டு, என்ஜினை அணைத்து, இரண்டு கதவையும் திறந்துவிட்டாள். சில்லறையைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாள்.

“வண்டியைப் பார்த்துக்க தம்பி” என்றாள். அப்படியே ஸ்டீயரிங் மேல் சாய்ந்துவிட்டாள்.

முன் இருக்கையில் இருந்த ஒரு பெண் தன் சால்வையை எடுத்து அவள் இடுப்பில் சுற்றினாள். சில்லறை அவளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்த ஆட்டோவில் ஏறினான். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் என்ஜின் சூடாகிவிட்டது என்றான். வாய் தன்னால் அதையே சொல்லிற்று. அவன் அழுதுகொண்டிருந்தான்.

பன்னிரண்டு இருக்கவேண்டிய ரத்த அளவு ஐந்து புள்ளி எட்டு இருந்தது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். புருஷன் சட்டைப் பையில் திருப்புளியோடு ஓடி வந்தான், அடுத்த மூன்று நாள் அதை எடுக்கவே மறந்துவிட்டான். வாரியத்திலிருந்தும் மறுநாளே கடிதம் வந்தது. அறிவிக்கப்பட்ட நிறுத்தமல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தியது ஏன் என்று ஒரு பத்தி. இத்தனை முற்றிய நோய்க்கு இதுவரை சிகிச்சை எடுக்காத அலட்சியத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொரு பத்தி.

சில்லறை அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் பணிமனைக்குப் போனான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் புத்தகத்தையும் முழுதாகப் படிக்காதவன், விதிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்தான். இரண்டாம் நாள் மத்தியானம் ஒன்பதாம் விதியின் அடிக்குறிப்பில் அது இருந்தது. உயிருக்கு ஆபத்தான நிலையில் முன் அனுமதி தேவையில்லை. சிகிச்சைக்குப் பின் ஊழியர் உயிருடன் இருப்பின் அவரே வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவன் அந்தப் பக்கத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினான்.

அங்கே கட்டிலைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். பெண்கள் பிரிவு டாக்டர் இரண்டு வழியையும் சொல்லி, நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். நாத்தனார் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டே, நடந்தது போதும், எடுத்துத் தலை முழுகு என்றாள். புருஷன் பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எடுத்தே ஆகணும்னு ஒரு காரணம் சொல்லுங்க டாக்டர், எடுத்துக்கறேன். சும்மா இருக்குங்கறது காரணம் இல்லை.”

டாக்டர் ஸ்கேனை இன்னொரு முறை பார்த்தார். அப்படி ஒரு காரணம் இல்லை என்றார்.

நான்காம் நாள் அவளை அடித்தள அறைக்குக் கொண்டுபோனார்கள். குளிரான அறை. மயக்கம் கொடுக்கவில்லை, மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. பக்கத்துத் திரையில் அவளுடைய ரத்தக்குழாய்கள் கறுப்பாக, இலையுதிர்ந்த மரம் மாதிரி தெரிந்தன. கம்பி ஒவ்வொரு வளைவாகத் திரும்பிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

“அந்த இடது வளைவு ரொம்பக் குறுகலா இருக்கு. மெதுவா எடுங்க.”

“எனக்கு லைசென்ஸ் இருக்கும்மா” என்றார் கம்பி டாக்டர்.

பிறகு உருண்டைகள் போயின. கட்டியைச் சுற்றிப் பின்னிக் கிடந்த கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையிலிருந்து மறைந்தன. ஒரு மணி நேரம். மணிக்கட்டில் ஒரு பட்டையைச் சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் சொன்ன வலி சொன்ன நேரத்துக்கு வந்தது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு அது எந்த மாதிரி வலி என்று உடனே புரிந்தது. வலிமருந்து சொட்டுச் சொட்டாக இறங்க, அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்தன்று அவன் வீட்டார் பேசியது தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். நாத்தனார் வெளியே போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் சாயங்காலம் வலி அடங்கியது. அதற்கும் மறுநாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் லேசான காய்ச்சலும் அசதியும் இருந்தன. பதினான்காம் நாள் கம்பி டாக்டர் சோதித்துப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வாரியம் அந்தச் சீட்டை வாங்கி, திருப்பிப் பார்த்து, எடுத்தது எங்கே என்று கேட்டது. அவள் காட்டிய ஒன்பதாம் விதியைத் தலைவர் கேள்விப்பட்டதே இல்லை. விதி அதிகாரி கேள்விப்பட்டிருந்தார். யாரும் அடிக்குறிப்பு வரை படிக்க மாட்டார்கள் என்று நம்பியிருந்தார். அனுமதி விஷயம் அத்தோடு போனாலும் தகுதிச் சான்று தர மாட்டோம் என்றார்கள். கட்டி உள்ளே இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்வரை அவளைப் பணிமனையில், பேருந்தில் பயணிகள் விட்டுவிட்டுப் போகும் பொருட்களைக் காக்கும் அறையில் உட்காரவைத்தார்கள். மூன்று மாதம் அவள் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ரத்தப்போக்கு முதல் மாதம் எட்டு நாள், அடுத்த மாதம் ஆறு, அதற்கடுத்து ஐந்து என்று இறங்கியது. கன்னத்தில் நிறம் வந்தது. உடம்பு தேறத் தேற அவளுக்குக் கோபமும் தேறியது.

மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி ஏழு சென்டிமீட்டர் என்று வந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாக இன்னும் நாள் இருந்தாலும், தேய ஆரம்பித்துவிட்டது. விதி அதிகாரி இரண்டு ஸ்கேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார்.

“ரெண்டு சென்டிமீட்டர் குறையுதே. எங்க போச்சு?”

உடம்பே கரைத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னதாக அவள் சொன்னாள். யாருடைய உத்தரவின் பேரில் என்று அவர் கேட்டார். அவள் அவரையும் தலைவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஐயா, உங்க கோப்பு அந்த நாற்காலியில அஞ்சு மாசமா கிடக்குது. அது ஒரு அங்குலம் நகரல. என் உடம்பு யாரையும் கேக்காம வேலையைப் பார்த்துடுச்சு. அதுக்கு நான் என்ன விளக்கம் எழுதணும்?”

தலைவர் இதற்கு ஒரு நீண்ட பதில் சொன்னார். உடம்புகள் இப்படித் தன்னிச்சையாக நடந்துகொண்டால் வாரியங்கள் எதற்கு என்பது அதன் சாரம். காணாமல்போன இரண்டு சென்டிமீட்டர் பற்றி விசாரணை நடத்த உத்தரவிட்டார்.

கம்பி டாக்டருக்கு இது தெரிந்ததும் அவர் நேராகக் கழகத்தின் மேலாண்மை இயக்குநருக்கே இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதினார். முதல் பக்கத்தில், உங்கள் ஓட்டுநர் உறுப்பு எதையும் இழக்காமல் பதினான்கே நாளில் பணிக்குத் தகுதி பெற்றார் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில், உங்கள் வாரியம் அவரை ஐந்து மாதம் இழுத்தடித்துச் சாவின் வாசல் வரை கொண்டுபோனதையும், குணமானவரை இன்னும் குடை காக்க வைத்திருப்பதையும் விவரமாக எழுதியிருந்தார். இயக்குநருக்கு இரண்டாம் பக்கம் திருப்பும் வழக்கம் இல்லை. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் விடுப்பு போவது அவருக்குத் தெரியும். எனவே மருத்துவ வாரியத்தின் தொலைநோக்கைப் பாராட்டி உடனே கடிதம் அனுப்பினார்.

பாராட்டுக் கடிதம் வந்த அன்றே அவளுக்குத் தகுதிச் சான்று கிடைத்தது. இருபத்திரண்டாம் விதிக்கு விதி அதிகாரி புதிய விளக்கம் எழுதினார். அடைப்பு வேறு, அடைத்தல் வேறு. முன்னது நோய், பின்னது நிர்வாக நடவடிக்கை. கழகத்தின் ஆண்டு விழாவில் தலைவருக்கு மாலை போட்டார்கள். அவர் ஒலிபெருக்கியில் பேசினார்.

“ஊழியர் உடம்புல இருந்து எதையும் எடுக்கக் கூடாதுங்கறதுதான் முப்பத்தோரு வருஷமா இந்த வாரியத்தோட கொள்கை. இந்த ஓட்டுநர் அம்மா விஷயத்துல எத்தனையோ எதிர்ப்பு வந்தது. நாங்க அசையலை. கடைசி வரைக்கும் நாங்க அசையவே இல்லை.”

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் உண்மை என்று முதல் வரிசையிலிருந்த கம்பி டாக்டர் கைதட்டினார். சிறப்பான ஆய்வறிக்கைக்காகத் துணைக்குழுவுக்கும் ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது. எழுத்தர் அம்மாள் அதை வாங்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தார்.

ஓட்டுநர் விழாவுக்குப் போகவில்லை. அன்று அவளுக்கு முதல் நாள் வண்டி. நாற்பத்தோரு நிறுத்தமும் கடந்து முனைக்கு வந்ததும் பழக்கத்தில் கதவைத் திறந்துகொண்டு இறங்கப் போனவள், ஓட வேண்டியதில்லை என்று நினைவு வந்து மறுபடி உட்கார்ந்தாள். சில்லறை தேநீர் வாங்கி வந்து கொடுத்தான். எட்டு நிமிடம் முழுதும் உட்கார்ந்து குடித்தாள். எட்டு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரிந்திருக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துச் சில்லறைக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகி, கன்னம் பன் ரொட்டி மாதிரி வீங்கியது. பல்லைப் பிடுங்க வேண்டும் என்று பல் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாரியத்தில் புதுப் படிவம் வந்திருந்தது. பதினான்காம் கட்டத்தில் இப்போது ‘அகற்றாமல் காக்கப்படும் பொருள்’ என்று இருந்தது. கண்ணாடி அலமாரிக்குத் திரை போட்டிருந்தார்கள். தலைவர் அவனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிடுங்குவது பழைய காலத்து வழி என்றார். பல்லுக்குப் போகிற ரத்தத்தை நிறுத்தினால் அது தானாகச் சுருங்கிவிடும், பொறுமை வேண்டும் என்றார். மூன்றாம் உறுப்பினர் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு வந்தான். டிக்கெட் கேட்பது பயணிகளுக்குப் புரியவில்லை. ஓட்டுநர் அவனைக் கண்ணாடியில் இரண்டு நிறுத்தம் வரை பார்த்தாள். ஷிஃப்ட் முடிந்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பல் டாக்டர் வாசலில் போய் நின்றாள்.

“உள்ள போய்ப் பிடுங்கிக்க. கேட்டா, தானா விழுந்துடுச்சுன்னு எழுதிக்கலாம்.”

தானாக விழும் முன் பல் உரிய அனுமதி பெறாதது ஏன் என்று விளக்கம் கேட்டு மறு வாரமே அவனுக்குக் கடிதம் வந்தது. முனையில் பின் படிக்கட்டில் உட்கார்ந்து அதை அவன் இரண்டு முறை படித்தான். படித்து முடிப்பதற்குள் கையிலிருந்த கொய்யாக்காயைப் பாதிக்கு மேல் கடித்துத் தின்றிருந்தான். மீதிப் பாதியை அந்தக் கடிதத்திலேயே சுற்றி, “சாப்பிடுக்கா, நல்லாக் கெட்டியா இருக்கு” என்று அவளிடம் நீட்டினான்.